மெத்தென்ற பிரேக்

மார்ச் 2, ஞாயிறு

நான் வேலை பார்க்கும் உருளைக்கிழங்கு மண்டியில் கொடுத்த டைரி இது. வருடா வருடம் கொடுப்பார்கள். ஜனவரி முதல் வாரத்தோடு என் எழுத்துப் பணியும் வருடா வருடம் முடிந்துவிடும். இந்தத் தடவை மார்ச்சில் தொடங்குகிறேன். காரணம், காரின் பிரேக். எதைக் கழற்றினேன், எதற்குப் பிறகு எதைக் கழற்றினேன் என்று எழுதி வைத்தால் திரும்ப மாட்டும்போது கையில் மிச்சம் வராது. போன தடவை வைப்பர் மோட்டாரைக் கழற்றி மாட்டியதில் சில ஸ்க்ரூக்கள் மிஞ்சின. அப்படியும் வைப்பர் ஆடுகிறது. ஆகவே அவை தேவையில்லாத ஸ்க்ரூக்கள் என்று தீர்ப்புச் சொல்லி டப்பாவில் போட்டேன்.

இன்று காரமடை போய்விட்டு மேட்டுப்பாளையம் திரும்பும்போது கவனித்தேன். பிரேக்கை மிதித்தால் மெத்தென்று இருக்கிறது. வண்டி நிற்காமல் இல்லை. ஆனால் எவ்வளவு மிதித்தோம் என்பது பிடிபடவில்லை. தலையணை மேல் கால் வைத்ததுபோல.

வேறு சமயமாக இருந்தால் ஆடி வரைக்கும் தள்ளிப்போட்டிருப்பேன். ஆனால் இந்த மாதம் முப்பதாம் தேதி கோத்தகிரியில் மகள் இந்துவுக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அவளை நம் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். இந்தக் காரில், நானே ஓட்டி. இதை நிச்சயதார்த்தப் பந்தியிலேயே சொல்லிவிட்டேன். "இந்த வண்டி எங்க மலை ஏறுமாங்க?" என்று சம்பந்தி சிரித்தார். "ஏறுமுங்க. நாளைக்குப் புள்ளத்தாச்சிப் பொண்ண உக்கார வெச்சு எறங்கவும் எறங்கும், பாத்துட்டே இருங்க" என்றேன். பெண்ணுக்கு இன்னும் தாலியே கட்டவில்லை, நான் பிரசவத்துக்குப் போய்விட்டேன். என் மனைவி துளசிமணி பக்கத்து இலையிலிருந்து என் தொடையைக் கிள்ளியதில் ரசம் சிந்தியது.

ஏறுவதற்கு இன்ஜின் போதும். பிரேக் வேண்டியது இறங்குவதற்கு.

மார்ச் 4, செவ்வாய்

பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தேன். அளவு சரியாக இருக்கிறது. நிறம்தான் கோத்தகிரி டீத்தூளில் போட்ட டிகாஷன் மாதிரி. ஆயில் பழசானால் ஈரம் ஏறி மெத்தென்று ஆகும் என்று யூடியூபில் ஒரு தம்பி சொல்கிறான். நோய் கண்டுபிடித்தாயிற்று. பத்தாம் வகுப்பில் அறிவியலை மூன்று தடவை எழுதியவன் நான். இப்போது எழுதினால் முதல் தடவையிலேயே தேறுவேன்.

மார்ச் 5, புதன்

பிரேக் ஆயில் வாங்க மறந்துவிட்டேன். சர்க்கரை மாத்திரையும். இரண்டும் ஒரே தெருதான்.

மார்ச் 9, ஞாயிறு

ஆயில் மாற்றினேன். பழைய ஆயிலையும் உள்ளே இருக்கும் காற்றையும் வெளியேற்ற ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துச் சின்ன நட்டைத் திறந்து மூட வேண்டும். மிதிக்க ஆள்: துளசிமணி. படுக்க ஆள்: நான்.

"மிதி… பிடி… விடு" என்று நான் கத்த, அவள் மேலிருந்து, "அடுப்புல பருப்பு வெச்சிருக்கனுங்க, சுருக்கா முடிங்க" என்றாள்.

"பிடின்னா பிடிக்கணும். நான் மூடறதுக்குள்ள விட்டா காத்து திரும்பி உள்ள போயிரும்."

"இருவத்தொம்பது வருசத்துல இன்னிக்குத்தான் நான் மிதிக்கறேன், நீங்க கீழ கெடக்கறீங்க. சித்தே அனுபவிக்க விடுங்களேன்."

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள். நட்டில் மாட்டிய ட்யூபில் இரண்டு குமிழிகள் மட்டும் வந்தன. பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு சக்கரமும் முடிந்ததும், "இப்ப எப்பிடி இருக்குது?" என்றேன்.

"கல்லாட்ட இருக்குதுங்."

நான் ஏறி மிதித்தேன். தலையணை.

"உனக்கு பிரேக்கப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அவள் பருப்பைப் பார்க்கப் போனாள். பருப்பு அடிப்பிடித்திருந்தது. அதையும் சேர்த்துத்தான் மதியம் சாப்பிட்டோம்.

மார்ச் 12, புதன்

மச்சினன் வெள்ளிங்கிரி வந்திருந்தான். துளசிமணியின் தம்பி. கோயமுத்தூரில் பம்பு கம்பெனி வேலை. எங்கே போனாலும் பாலிஷ் போட்ட ஷூ. கார் ஓட்டுவதும் அதோடுதான்.

நான் வெறுங்காலில்தான் ஓட்டுவேன். செருப்பைக் கழற்றிப் பின்சீட்டுக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறுவது. வண்டியைச் சாமியாக நினைக்கிறோம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், வண்டி பேசுவது உள்ளங்காலோடுதான். கிளட்ச் எங்கே பிடிக்கிறது, பிரேக் எங்கே கடிக்கிறது எல்லாம் தோலுக்குத் தெரியும். நாடி பார்க்கும் வைத்தியர் கையுறை போட்டுக்கொண்டா பார்க்கிறார்? இதை வெள்ளிங்கிரியிடம் இருபது வருடமாகச் சொல்கிறேன். அவனும் இருபது வருடமாக ஷூ லேஸ் கட்டுகிறான்.

அவன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். "மாமா, பிரேக்கு அருமையா இருக்குது. என்ற வண்டியவிட நல்லாப் புடிக்குது."

"ஷூவப் போட்டுட்டு மிதிச்சா உனக்கு என்ன தெரியும்? எருமை மாட்டுக்கு மழை பேஞ்ச மாதிரி."

"சரி கழட்டீட்டே ஓட்டறேன்" என்று ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு இன்னொரு சுற்று போனான். வந்தான். "கல்லு மாமா."

அக்காவும் தம்பியும் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒரே வார்த்தை. கூட்டுச் சதி.

முன்சக்கரங்களைக் கழற்றிப் பிரேக் பேடு பார்த்தேன். பாதிக்கு மேல் இருக்கிறது. ஆனாலும் புதுசு வாங்கி மாட்டினேன். ஒன்றும் மிஞ்சவில்லை. மெத்தென்று இருப்பது மட்டும் மிஞ்சியது.

மார்ச் 13, வியாழன்

யூடியூப் தம்பி இன்று வேறு ஒரு சோதனை சொன்னான். இன்ஜினை அணைத்துவிட்டுப் பிரேக்கைப் பலமுறை மிதிக்க வேண்டும். இறுகிவிடும். அப்படியே மிதித்துப் பிடித்துக்கொண்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் மிதி தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும். இறங்கினால், மிதிக்குப் பலம் கொடுக்கும் பூஸ்டர் நல்லது, இறங்காவிட்டால் கெட்டது.

செய்தேன். இறங்கவில்லை. ஆகா, பூஸ்டர்! துளசிமணியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "எறங்குதுங்களே" என்றாள். மறுபடி நான். இல்லை. மறுபடி அவள். "நல்லா எறங்குது. உங்களுக்குத் தெரியலீங்களா?"

ஆளைப் பார்த்து வேலை செய்கிற பூஸ்டர் போல. மண்டியில் இப்படிச் சில பேர் உண்டு. காரிலும் உண்டு என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 16, ஞாயிறு

துளசிமணியின் ஏற்பாட்டில் காருக்காக மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பிரேக்குக்கு அர்ச்சனை; நட்சத்திரம் கேட்ட பூசாரியிடம் என் நட்சத்திரத்தையே சொன்னேன். போகும்போதே உச்சி வெயில். பிரகாரத்துக் கல்லில் எல்லோரும் காலைத் தூக்கித் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். துளசிமணி தண்ணீர் தெளித்த சாக்கு விரிப்பில் ஓடினாள். நான் நடுக்கல்லில் நிதானமாக மூன்று சுற்று வந்தேன். விநாயகருக்குத் தோப்புக்கரணம் போட்டேன். நின்று கும்பிட்டேன்.

"சுடலீங்களா?"

"பக்தி இருந்தா சுடாது."

"ஆமா, போன வருசம் இதே கல்லுல நீங்க குதிச்ச குதிக்கு வேட்டி அவுந்து விழுந்துச்சு. ஒரே வருசத்துல அம்புட்டு பக்தி வந்துருச்சாக்கும்?"

பூசாரி சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வரை என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் வலது உள்ளங்காலில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம். செருப்புக் கடித்திருக்கும். புதுச் செருப்பு இல்லைதான். பழைய செருப்பும் கடிக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

மண்டியில் ஒரே கேலி. உருளைக்கிழங்கு எடைபோடும் இடத்திலிருந்து ஆபீஸ் வரைக்கும் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் செருப்பில்லாமலும் நடந்து வந்திருக்கிறேன். மூட்டை தூக்கும் ரங்கன் பின்னாடியே செருப்பை எடுத்து வந்து, "அண்ணா, இது யாருதுன்னு ஏலம் விடலாமா?" என்றான். நானும் சிரித்தேன். ஆபீஸில் உட்கார்ந்த பிறகு, எங்கே கழன்றது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு எதுவும் வரவில்லை.

பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கலாம் என்று தம்பி சொல்கிறான். யூடியூப் தம்பி. நாளைக்கு விசாரிக்க வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

இந்து போனில் பேசினாள். கால் வீங்கியிருக்கிறதாம், இட்லி பிடிக்கவில்லையாம். கடைசியாக, "நீங்கதானேப்பா ஓட்டீட்டு வருவீங்க? வேற யாரு ஓட்டினாலும் வளைவுல எனக்கு வாந்தி வந்துரும். போன மாசம் இவங்க கார்ல கொன்னூர் போயிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு தடவ நிறுத்தியாச்சு" என்றாள்.

"நான்தான் கண்ணு, வேற யாரு?" என்றேன்.

குன்னூரைக் கொன்னூர் என்று மாமியார் வீட்டாரைப்போலவே சொல்கிறாள். இரண்டு வருடத்துக்குள் மாறிவிட்டது.

மார்ச் 22, சனி

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு, வண்டி விஷயத்தை எழுதத்தானே இந்த டைரி.

வெள்ளிங்கிரியைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு பவானி ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினேன். வீட்டு வாசலில் துளசிமணி கேட்டைத் திறந்துகொண்டிருந்தாள். ஒரு பக்கக் கதவு திறந்தாயிற்று; இன்னொரு பக்கத்துக் கொண்டியைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பிரேக்கை மிதித்தேன். நிற்கவில்லை. இன்னும் மிதித்தேன். வண்டி உறுமிக்கொண்டு முன்னால் போனது. வெள்ளிங்கிரி ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். அவள் சுவரோரமாகத் தாவினாள். பம்பர் கேட்டில் மோதி நின்றது. இன்ஜின் அணைந்துவிட்டது.

"பிரேக் புடிக்கல. நான்தான் அன்னீலயிருந்து சொல்லீட்டே இருக்கறனே!" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

வெள்ளிங்கிரி என் காலைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். இறங்கி அக்காவிடம் போனான். இரண்டு பேரும் கேட்டருகே மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

காபி குடித்துவிட்டுப் போனான். கிண்டல் செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவனுக்கு வாழ்நாளில் கிடைக்காது. ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டு கோணியதைவிட அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 23, ஞாயிறு

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றலாம் என்று ஸ்பேனர் செட்டை விரித்தேன். துளசிமணி வந்தாள். "கழட்டறதுக்கு முன்னால ஒருக்கா என்னோட சோதனையும் பாத்துருவமுங்க. உள்ள ஏறி உக்காருங்க."

"நீயும் யூடியூப் பாக்க ஆரம்பிச்சுட்டியா?"

"உக்காருங்க சொல்றேன்."

உட்கார்ந்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் தரையில் மண்டி போட்டு உள்ளே குனிந்தாள். "ரோட்டப் பாருங்க. கீழ பாக்கக் கூடாது" என்றாள். நான் கோணிய கேட்டைப் பார்த்தேன்.

"பிரேக்க மிதிங்க."

மிதித்தேன்.

"எப்பிடி இருக்குது?"

"மெத்துனு இருக்குது. அதத்தான சொல்லீட்டு இருக்கறேன்."

"நல்லா அழுத்துங்க."

அழுத்தினேன். "பாரு, அமுங்கிட்டே போகுது. நீயே பக்கத்துல இருந்து பாக்கறல்ல? இப்பவாச்சும் நம்பறயா?"

அவள், "கீழ பாருங்க" என்றாள்.

என் காலுக்கும் பிரேக்குக்கும் நடுவில் அவளுடைய கை இருந்தது. வலது கை. வளையலோடு. அதை நான் முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தேன்.

காலை எடுத்தேன். வளையல் தடம் அவள் மணிக்கட்டில் சிவப்பாகப் பதிந்திருந்தது. "வலிக்குதுன்னு சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

"வளையல் குத்துனதாச்சும் உங்களுக்குத் தெரியுமான்னு பாத்தனுங்க" என்றாள்.

ஸ்பேனர்களை அளவு வாரியாகத் திரும்ப உறையில் சொருகி வைத்தேன். எட்டுக்கு அடுத்துப் பத்து, பத்துக்கு அடுத்துப் பன்னிரண்டு. அப்புறம் எல்லாவற்றையும் எடுத்து மறுபடியும் சொருகினேன்.

மார்ச் 24, திங்கள்

டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒன்றால் இரண்டு உள்ளங்கால்களிலும் தொட்டார். தொடுவது தெரிந்தால் தலையாட்ட வேண்டும். பத்து இடம் தொட்டதாகப் பிற்பாடு சொன்னார். நான் இரண்டுக்குத் தலையாட்டினேன். அதில் ஒன்று மரியாதைக்கு.

சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறதாம். மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்றார். நிறுத்தவில்லை, தீர்ந்துவிட்டது என்றேன். அவர் துளசிமணியைப் பார்த்தார், துளசிமணி கூரை மின்விசிறியைப் பார்த்தாள். கொப்புளத்துக்குக் கட்டு. வீட்டுக்குள்ளேயும் செருப்பு. கார், அவர் சொல்லும் வரை தொடக் கூடாதாம்.

"ஞாயித்துக்கிழம மட்டும் ஒருநா…" என்று ஆரம்பித்தேன்.

"என்ன ஞாயித்துக்கிழம?"

"கோத்தகிரி வரைக்குமுங்க. மாசமா இருக்கற பொண்ணக் கூட்டீட்டு வரணும்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு உங்க பொண்ணுதானுங்களே?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

மண்டி. வீடு. வேறொன்றும் இல்லை.

மார்ச் 27, வியாழன்

யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது கியரில் போட்டு இறங்கினால் பாதிப் பிரேக் வேலையை இன்ஜினே பார்த்துவிடும். லாரிக்காரர்கள் அப்படித்தானே இறங்குகிறார்கள். ஹேண்ட் பிரேக் இருக்கிறது. அது கையால் பிடிப்பது. கை நன்றாகத்தான் இருக்கிறது. காலைக் குனிந்து பார்த்துப் பார்த்து வைத்தால் சரியாகவே வைக்கிறேன். ஷெட்டில் நிற்கும் வண்டியில் ஏறிப் பத்துப் பதினைந்து தடவை வைத்துப் பார்த்தேன். பிரேக், ஆக்சிலரேட்டர், பிரேக். பார்த்து வைத்தால் தப்பே இல்லை.

வளைவில் யாராவது காலைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவார்களா?

துளசிமணி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் இறங்கியதும், "காபி ஆறுதுங்க" என்றாள். மணிக்கட்டில் மஞ்சள் பற்று.

வெள்ளிங்கிரிக்குப் போன் போட்டேன்.

"ஞாயித்துக்கிழம சும்மாத்தான இருக்கற?"

"அக்கா மவ வளகாப்புக்கு நான் வராம யாரு மாமா வருவா? தாய்மாமன் சீரு எடுத்து வெச்சாச்சு."

"அது சரி. வண்டிய நீ ஓட்டு."

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "ஷூ போட்டுக்கலாமா மாமா?" என்றான்.

"போட்டுத் தொல" என்றேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். நானும் சிரித்தேன். யார் முதலில் நிறுத்தியது என்று தெரியவில்லை.

மார்ச் 31, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. வீடு நிறைய ஆள்.

ஏறும்போது ஒன்றும் இல்லை. குஞ்சப்பனை கிராமம் தாண்டியதும் குளிர் காற்று வந்தது. முன்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து இந்த மலையைப் பார்ப்பது எனக்கு முதல் தடவை. ரோட்டை மட்டும் பார்த்துப் பழகியவனுக்குப் பள்ளம் இவ்வளவு ஆழம் என்று தெரிந்திருக்கவில்லை.

சம்பந்தி வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியைப் பார்த்தார், ஓட்டிவந்தவனைப் பார்த்தார், இடது பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கிய என்னையும் என் புதுச் செருப்பையும் பார்த்தார். "ஏனுங், நீங்களே ஓட்டீட்டு வருவீங்கன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சிருந்தனே?"

நான் வாயைத் திறப்பதற்குள் துளசிமணி, "தலப்பிரசவத்துக்குத் தாய்மாமன் வண்டியோட்டிக் கூட்டீட்டுப் போறதுதானுங்க எங்க வழக்கம். அப்பன் ஓட்டக் கூடாதுங்க" என்றாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. அப்படி ஒரு வழக்கம் பூமியில் எங்கேயும் கிடையாது. சம்பந்தி தலையை ஆட்டி, "ஆமாமா, எங்க பக்கத்துலயும் அந்தக் காலத்துல அப்பிடித்தானுங்க" என்றார். அந்தக் காலத்தில் இவர்கள் பக்கத்தில் எத்தனை கார் இருந்ததோ.

இந்துவுக்கு இரண்டு கையும் முழங்கை வரை வளையல். எல்லோரும் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். கட்டுச்சோறு ஏழு வகை. நான் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டேன். துளசிமணி என் இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

கிளம்பும்போது இந்து பின்சீட்டில் ஏறி, என்னை முன்னால் இடது பக்கம் பார்த்ததும், "அப்பா, இதென்ன வழக்கம்? எனக்குத் தெரியாம எப்ப வந்துச்சு?" என்றாள். சம்பந்தி வீட்டார் சுற்றி நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் கையசைத்தேன். முதல் வளைவு தாண்டும் வரை பொறுத்தேன்.

"வழக்கமெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. உங்கம்மா அளந்தது. எனக்குக் காலுல உணர்ச்சி இல்ல. பிரேக்குல கால் வெச்சிருக்கறனா, வேற எதுல வெச்சிருக்கறனான்னு தெரியறதில்ல. போன வாரம் உங்கம்மாமேல ஏத்தியிருப்பேன்."

வெள்ளிங்கிரி கியரை மாற்றினான். துளசிமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதுவரை இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இந்து, "போன வாரம் வரைக்கும் போன்ல நாந்தான் வருவேன், நாந்தான் வருவேன்னு சொன்னீங்களேப்பா" என்றாள்.

"வந்துட்டுத்தான இருக்கறேன்."

"பேச்சுக்கொண்ணும் கொறச்சலில்ல" என்றாள். குரல் அழுவது மாதிரியும் இருந்தது, திட்டுவது மாதிரியும் இருந்தது.

வண்டி இறங்க ஆரம்பித்தது. வெள்ளிங்கிரி நன்றாகத்தான் ஓட்டினான். என்னைவிட மெதுவாக. ஆனால் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் என் வலது கால் தானாகப் போய்த் தரையை மிதித்தது. அங்கே மிதிக்க ஒன்றும் இல்லை. நிறுத்த வேண்டும் என்று நினைத்தும் நிறுத்த முடியவில்லை. வளைவுக்கு நூறடி முன்னால், சரியாக நான் மிதித்திருக்கும் இடத்தில்.

"மாமா, அது பிரேக்கில்ல. கால்மிதி மேட்டு" என்றான் வெள்ளிங்கிரி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியும், நீ ஓட்டு."

நான்காவது வளைவிலோ ஐந்தாவதிலோ பின்னாலிருந்து ஒரு கை வந்து என் தோளில் உட்கார்ந்தது. வளையல்கள் கழுத்தில் உரசின. வாந்தி வருகிறதோ என்று பதறித் திரும்பப் போனேன். "ரோட்டப் பாருங்கப்பா" என்றாள் இந்து.

அடுத்த வளைவு வந்தது. என் கால் தரையை மிதித்த அதே நேரத்தில் அவள் என் தோளை அழுத்தினாள். அதற்கடுத்த வளைவிலும். கீழே மேட்டுப்பாளையம் தெரியும் வரை ஒன்றைக்கூட விடாமல் அழுத்திக்கொண்டே வந்தாள். வண்டியை ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை.

தரையை மிதித்தது எனக்குத் தெரியவில்லை. அவள் அழுத்தியது தெரிந்தது. ஒவ்வொரு தடவையும்.